அறிகுறி ஓபியொயிட், அறிக்கை ‘இல்லை’: புதிய செயற்கை ஓபியொயிட்டுகளைத் தேடும்போது எங்கே பிழைக்கிறது

வன்னியில் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, மூச்சு அடங்கி ஒருவரைக் கொண்டுவந்தால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ‘மருந்து குடிச்சிட்டார்’, அதாவது பூச்சிமருந்து, என்பதுதான். வயலும் தோட்டமும் உள்ள இடத்தில் அது நியாயமான எண்ணம். அடுத்து ஹெரோயின், பிறகு ட்ரமடோல் குளிசை. அபின் போல் வேலை செய்யும் ஓபியொயிட்டுகளில் செயற்கையாகச் செய்யப்படும் ஃபென்டனில் வகைகளும் நிட்டாசீன் வகைகளும் கடைசியாகத்தான் நினைவுக்கு வரும். அந்த நேரம் மாதிரி கெட்டிருக்கும், அல்லது ‘ஒன்றும் காணப்படவில்லை’ என்ற தாள் கோப்புக்குள் போயிருக்கும். அந்தத் தாள் எந்தப் படியில் பிழைத்திருக்கலாம் என்று அறிகுறி வாரியாகக் கீழே பார்க்கலாம். முதற்பகுதி வைத்தியசாலைக்கும் சட்ட மருத்துவ அதிகாரியின் அலுவலகத்துக்கும், பின்பகுதி கருவியோடு இருப்பவர்களுக்கும் உதவும்.

நோயாளியில் ஓபியொயிட் அறிகுறி. சிறுநீர்ப் பட்டை ‘இல்லை’ என்கிறது

முதலில் ஒகனோபொஸ்பேற்றுப் பூச்சிகொல்லியைப் பிரித்துப் பாருங்கள். அதிலும் கண்மணி சுருங்கும். ஆனால் வாயில் நீர் வடியும், வியர்க்கும், சுவாசப்பை சளியால் நிறையும், தசை துடிக்கும், உடுப்பில் மணம் இருக்கும். ஓபியொயிட்டில் வாய் காய்ந்திருக்கும், மூச்சு எண்ணிக்கை குறைந்து போகும். கண்மணியை விரிக்கும் அத்ரோப்பினைக் கொடுத்த பின் கண்மணியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆகவே முதற்பார்வையில் கண்மணி எப்படி இருந்தது என்பதை நேரத்தோடு எழுதி வைக்க வேண்டும். ஓபியொயிட்டை முறிக்கும் மருந்தான நலொக்சோனுக்கு எழும்பி, ஒரு மணித்தியாலம் அளவில் திரும்பவும் மூச்சு அடங்கினால் அது நல்ல தடயம். நலொக்சோனின் வேலை முடிந்துவிட்டது, உள்ளே உள்ள பொருள் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

இனி பட்டை, அதாவது சிறுநீரில் தோய்த்து உடனே முடிவு பார்க்கும் சோதனைத் துண்டு. சாதாரண ‘ஓபியேற்’ பட்டை மோர்பினை நோக்கிச் செய்யப்பட்டது. ‘ஆம்’ என்று காட்டத் தேவையான குறைந்த செறிவான அதன் வெட்டெல்லை மில்லிலீற்றருக்கு 300 நானோகிராம் அல்லது 2000 நானோகிராம். அந்தப் பட்டையில் உள்ள பிறபொருளெதிரி மோர்பினின் வடிவத்தைப் பிடிக்கும். ஃபென்டனிலின் வடிவம் வேறு. பென்சிமிடசோல் வளையத்தின் மேல் கட்டப்பட்ட நிட்டாசீன் இரண்டிலிருந்தும் வேறு. ட்ரமடோலும் இதில் விழாது. ஃபென்டனில் பட்டை நிட்டாசீனைப் பிடிக்காது. நிட்டாசீனுக்கென்று வந்த பட்டைகளும் எல்லா நிட்டாசீன்களையும் பிடிப்பதில்லை. வளையத்தில் நைத்திரோ கூட்டம் இல்லாத ‘டெஸ்நிட்டாசீன்’ வகையை அவை தவறவிடும்.

அதனால் பட்டை ‘இல்லை’ என்றதும் தேடலை நிறுத்தக்கூடாது. அனுமதிக்கும்போது முதலில் எடுத்த குருதி எங்கே என்று கேளுங்கள். சேலைன் ஏற்றுவதற்கும் மருந்து கொடுப்பதற்கும் முந்திய அந்தக் குருதியை விடப் பெறுமதியான மாதிரி பிறகு கிடைக்காது. வைத்தியசாலை ஆய்வுகூடங்கள் சில நாட்களில் மிச்ச மாதிரிகளை எறிந்துவிடும். நோயாளி விடுதியில் இருக்கும்போதே தொலைபேசியில் சொல்லி அதை ஒதுக்கி வைக்க வேண்டும். இறந்த பின் கேட்டால் பெரும்பாலும் பிந்திவிடும்.

பட்டை ‘ஆம்’, உறுதிப்படுத்தும் சோதனை ‘இல்லை’

இங்கே பிழை பெரும்பாலும் பட்டையில்தான். ரிஸ்பெரிடோனும் ட்ரசொடோனும் லபெற்றலோலும் சில ஃபென்டனில் சோதனைகளில் பொய்யாக ‘ஆம்’ காட்டும். லெவோபுளோக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளும் காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசினும் ஓபியேற் சோதனையைக் குழப்பும். தூளைக் கரைத்துச் சோதிக்கும்போது ஐஸ் எனப்படும் மெதம்பெற்றமின் அதிகச் செறிவில் இருந்தாலும் ஃபென்டனில் பட்டை பொய்யாக ‘ஆம்’ காட்டும். நீரை அதிகமாக்கித் திரும்பச் சோதித்தால் அந்த முடிவு மாறும். நம் கடைகளில் பலூடாவுக்குப் போடும் கசகசா துளசி இனத்து விதை. அதைச் சாட்டிச் சொல்லும் விளக்கத்தை ஏற்க வேண்டாம். மோர்பின் தருவது அபினிச் செடியின் விதை.

மறுபக்கமும் உண்டு. ஃபென்டனில் உண்மையிலேயே இருக்கும், ஆனால் அது வைத்தியசாலையில் கொடுத்தது. மூச்சுக்குழாய் போடுவதற்கும் சத்திரசிகிச்சைக்கும் ஃபென்டனில் பாவிக்கப்படுகிறது. பீ.எச்.ரி. தாளின் (விடுதியில் நோயாளியின் சிகிச்சையைப் பதியும் தாள்) பிரதி இல்லாமல் ஒரு ஃபென்டனில் முடிவை வெளியே விடக்கூடாது. எந்த மருந்து, எத்தனை மைக்ரோகிராம், எத்தனை மணிக்கு என்ற மூன்றும் வேண்டும். 1990 இலக்கத்துக்கு அழைத்த அம்புலன்ஸில் வந்தவரென்றால் வழியில் கொடுத்ததும் சேர வேண்டும்.

மாதிரி நன்றாக எடுக்கப்பட்டது. ஆனால் தாய்ச் சேர்வை குறைவு, அல்லது இல்லவே இல்லை

தாய்ச் சேர்வை என்பது உடலிலோ மாதிரியிலோ மாறாத மூலப்பொருள். எங்கள் பகுதிக்கு மிக முக்கியமானது இதுதான். கிளிநொச்சியிலிருந்து பத்தரமுல்லையில் உள்ள அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு ஏ9 வழியாக 300 கிலோமீற்றருக்கு மேல். வெயிலும் மின்வெட்டும் அந்தத் தூரமும் சேர்ந்தால் சில சேர்வைகள் தாங்கும், சில தாங்காது.

ஃபென்டனில் ஓரளவு உறுதியானது. ஹெரோயினின் அடையாளமான 6-மொனோஅசற்றைல்மோர்பின் விரைவாக மோர்பினாகிவிடும். நிட்டாசீனில் ஆபத்து நைத்திரோ கூட்டத்தில். இறந்த உடலிலும், பாதுகாக்கும் பொருள் போடாத குருதியிலும் பற்றீரியாக்கள் நைத்திரோவை அமினோவாக மாற்றலாம். குளோனசிப்பாம் 7-அமினோகுளோனசிப்பாமாவது போன்ற மாற்றம் இது. உயிருள்ள உடலிலும் இந்த மாற்றம் நடக்கும். ஆகவே 5-அமினோ வடிவத்தைக் கண்டால் அது ஈரல் செய்ததா, பற்றீரியா செய்ததா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் தேடும் பட்டியலில் அது இல்லாவிட்டால் முழுப் பொருளையும் தவறவிடுவோம்.

ரியூப்பில் கவனம். சீனி பார்க்கும் சாம்பல் மூடி ரியூப்பில் சோடியம் புளோரைட்டு மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 2.5 மில்லிகிராம், அதாவது 0.25 வீதம்தான். சீனிக்கு அது போதும், பிரேதக் குருதிக்குப் போதாது. தேவை 1 முதல் 2 வீதம்: 5 மில்லிலீற்றர் குருதிக்கு 50 முதல் 100 மில்லிகிராம் சோடியம் புளோரைட்டு, உறையாமல் இருக்கப் பொற்றாசியம் ஒக்சலேற்று. நிறைத்த பின் எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். அடியில் வெள்ளைத் தூள் அப்படியே கிடந்தால் பாதுகாப்பு நடக்கவில்லை. ஜெல் உள்ள மஞ்சள் மூடி ரியூப் வேண்டாம். கொழுப்பில் கரையும் மருந்துகளை ஜெல் உறிஞ்சிக்கொள்ளும். மில்லிலீற்றருக்கு ஒரு நானோகிராமைத் தேடும்போது அந்த இழப்பு முழு முடிவையும் கொண்டுபோய்விடும்.

குருதியைத் தொடை நாளத்தில் இருந்து, மேற்பக்கம் கட்டியபின் எடுங்கள். நெஞ்சுக் குருதி வேறு ரியூப்பில், வேறு பெயரொட்டியோடு. சிறுநீர், கண்நீர்மம், ஈரலில் 50 கிராம் அளவு, இரைப்பை உள்ளடக்கம் முழுவதும் அளந்து. மதுசாரத்துக்கு ஒரு ரியூப்பைக் கழுத்துவரை நிரப்பித் தனியே வையுங்கள். மற்றவை உறைய வைக்கப்படும் என்பதால் மேலே ஐந்தில் ஒரு பங்கு இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடி வெடிக்கும்.

எம்பாம் செய்யும் முன்பே எல்லாம் எடுத்திருக்க வேண்டும். போமலின் இரண்டாம் அமீன்களோடு தாக்கமுற்று மெதைல் கூட்டம் சேர்க்கும். நோர்ட்ரிப்டிலின் அமிட்ரிப்டிலினாக மாறுவது தெரிந்த விடயம். ஃபென்டனிலும் நிட்டாசீனும் உடலில் மாறி வரும் நோர்ஃபென்டனிலும் டெசெதைல் நிட்டாசீன்களும் இரண்டாம் அமீன்களே.

அனுப்பும் வரை 4 பாகை செல்சியஸ், சில நாட்களுக்கு மேலானால் மறை 20 பாகை. குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் வைக்காதீர்கள். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் அது சூடாகும். கரண்ட் போனால் கதவைத் திறக்காமல், போன நேரத்தையும் வந்த நேரத்தையும் பதியுங்கள். உருகி மீண்டும் உறைந்த மாதிரியை மறைக்க வேண்டாம். பகுப்பாய்வாளருக்கு அது தெரிந்தால் அமினோ வடிவத்தைத் தேடுவார்.

பயணத்துக்கு றெஜிபோம் பெட்டி, உறைந்த ஜெல் பக்கெற் கீழும் மேலும், ரியூப்புகளைச் சுற்றிப் பஞ்சு, இரட்டைப் பொலித்தீன், முத்திரை. பெட்டியை வாகனத்தின் பின்பகுதியில் அல்ல, ஆட்கள் இருக்கும் பகுதியில் வையுங்கள். கிளிநொச்சியிலிருந்து வெளிக்கிட்ட வாகனம் முறிகண்டியில் கற்பூரம் கொளுத்த நிற்கும். கண்ணாடி மூடிய வாகனத்துக்குள் வெயிலில் பெட்டி கிடந்தால் அந்த நேரமே போதும். ஒப்படைத்தவர், பெற்றவர், நேரம், முத்திரை இலக்கம் ஆகிய நான்கில் ஒன்று விடுபட்டாலும் நீதவான் முன் மாதிரியின் பெறுமதி குறையும்.

சிறுநீரில் எதிர்பார்த்த அனுசேபப் பொருள் இல்லை

எல்லா ஃபென்டனிலும் ஒரே வழியில் அனுசேபம் அடையும், அதாவது உடலில் வேறு பொருளாக மாறும், என்று எடுத்துக்கொள்வதில் இருந்து இந்தப் பிழை வருகிறது. ஃபென்டனிலை ஈரலில் சி.வை.பி. 3ஏ4 நொதியம் நோர்ஃபென்டனிலாக்கும். சிறுநீரில் நோர்ஃபென்டனில் தாயை விட அதிகமாகவும் நீண்ட நாளும் இருக்கும். அசற்றைல்ஃபென்டனிலும் இதே வழி. ஆனால் ஃபியூரனைல்ஃபென்டனிலில் முதன்மை வழி அமைட்டுப் பிணைப்பு அறுவது, வருவது 4-ஏ.என்.பீ.பீ. நோர் வடிவத்தைத் தேடினால் ஏறத்தாழ ஒன்றும் கிடையாது. 4-ஏ.என்.பீ.பீ.யோ பல ஃபென்டனில்களுக்குப் பொதுவானது, தூளில் அசுத்தமாகவும் வரும். ஆகவே அது ‘ஏதோ ஒரு ஃபென்டனில்’ என்று மட்டுமே சொல்லும்.

நிட்டாசீனில் மூன்று வழிகளையும் சேர்த்துத் தேட வேண்டும். பக்கச்சங்கிலியின் நைதரசனில் இருந்து எதைல் கூட்டம் கழன்றால் திணிவு 28 குறையும். நைத்திரோ அமினோவானால் 30 குறையும். ஒட்சிசனில் உள்ள அற்கைல் கூட்டம் கழன்றால் 4-ஐதரொட்சி நிட்டாசீன், திணிவு நிறமாலைக் கருவியில் அதன் அயன் 369.2. இந்த மூன்றாவது சிறுநீரில் குளுக்குரொனைட்டாகக் கட்டுண்டு போகும். பீற்றா-குளுக்குரொனிடேஸ் நொதியத்தால் அவிழ்க்காமல் தேடினால் குறைவாகத் தெரியும். அமிலம் போட்டுச் சூடாக்கி அவிழ்த்தால் 6-மொனோஅசற்றைல்மோர்பின் அழியும். அதே மாதிரியில் ஹெரோயினையும் தேடுவதென்றால் நொதியமே சரி. ஐசோடோனிட்டாசீன், புரோட்டோனிட்டாசீன், எட்டோனிட்டாசீன், மெட்டோனிட்டாசீன் நான்கும் ஒரே 4-ஐதரொட்சி வடிவத்தைத் தருவதால், அதைக் கொண்டு தாயின் பெயரை எழுதக்கூடாது.

வவுனியாப் பக்கம் நாட்பட்ட சிறுநீரக நோய் பலருக்கு இருக்கிறது. மோர்பினின் குளுக்குரொனைட்டும் ட்ரமடோலின் ஓ-டெஸ்மெதைல் வடிவமும் அவர்கள் உடலில் தேங்கும். ஆகவே தாய்க்கும் அனுசேபப் பொருளுக்கும் உள்ள விகிதத்தை வைத்து ‘எப்போது எடுத்தார்’ என்று கணக்குப் போடும் முன் கிரியற்றினின் எவ்வளவு என்று கேளுங்கள். ரிபாம்பிசின் 3ஏ4ஐத் தூண்டும். கிளரித்ரோமைசினும் புளுகொனசோலும் அதை அடக்கும். இவையும் விகிதத்தை மாற்றும்.

திணிவு பொருந்துகிறது, பெயர் பிழைக்கிறது

மிகவும் நம்பிக்கையோடு செய்யப்படும் பிழை இது, திருத்தவும் கடினம். திணிவு ஒன்றாகவோ நெருக்கமாகவோ உள்ள சில சோடிகளை மனதில் வைத்திருக்க வேண்டும். கீழே உள்ள எண்கள் கருவி காட்டும் அயனினதும், அதை உடைத்தால் வரும் துண்டு அயன்களினதும் திணிவுகள்.

அயன் 411.2: ஐசோடோனிட்டாசீன், புரோட்டோனிட்டாசீன் இரண்டும். துண்டு அயன்களும் 100.1, 72.1 என்று ஒன்றே. சேர்வைகளைப் பிரிக்கும் நிரலில் இருந்து வெளிவரும் நேரம் மட்டுமே இவற்றைப் பிரிக்கும். குறுகிய ஓட்டத்தில் இரண்டும் ஒட்டி வரும். கரைப்பான் சரிவை மெதுவாக்குங்கள் அல்லது பைபீனைல் நிரலுக்கு மாறுங்கள். ஒப்பிடுவதற்கான இரண்டு தூய நியமங்களையும் தனித்தனியாகவும் கலந்தும் ஓடவிட்டு இரண்டு உச்சி தெரிகிறதா என்று பார்த்த பின்தான் பெயர் எழுதலாம்.

அயன் 383.2: மெட்டோனிட்டாசீனா, ஐசோடோனிட்டாசீனின் டெசெதைல் அனுசேபப் பொருளா? இரண்டின் மூலக்கூற்றுச் சூத்திரமும் ஒன்றே, ஆகவே திணிவை மிக நுணுக்கமாக அளக்கும் உயர்பிரிதிறன் கருவியும் திணிவால் பிரிக்காது. இங்கே துண்டுகள் உதவும். மெட்டோனிட்டாசீன் 100.1 தரும், டெசெதைல் வடிவத்தில் அது வராது, 72.1தான் முன்னிற்கும். 72.1ஐ மட்டும் பார்க்கும் முறையில் இருவரும் ஒருவராகிவிடுவர். டெசெதைல் ஐசோடோனிட்டாசீன் தனிப் போதைப்பொருளாகவே விற்கப்படுவதும் உண்டு. தாய் இல்லாமல் அது மட்டும் இருந்தால் அதையே எடுத்திருக்கலாம்.

அயன் 369.2லும் இதே கதை: எட்டோனிட்டாசீனின் டெசெதைல் வடிவமும் பொதுவான 4-ஐதரொட்சி வடிவமும்.

அயன் 395.2: கார்ஃபென்டனில், எட்டோனிட்டாசெப்பைன். உயர்பிரிதிறனில் 395.233, 395.208 என்று விலகும். சாதாரண நான்முனைக் கருவியில் முதலாவது 335.2, 113.1 தரும், இரண்டாவது 98.1 தரும்.

அயன் 264.2, துண்டு 58.1: ட்ரமடோல் என்று எழுதும் முன் ஒருகணம் நில்லுங்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் வென்லபக்சினின் முதன்மை அனுசேபப் பொருளும் அதே சூத்திரம், அதே 58.1. சிகிச்சையில் இருந்த ஒருவரைக் குளிசைப் பாவனையாளராக எழுதிவிடக்கூடிய பிழை. வீட்டார் அதைக் காலம் முழுக்கச் சுமப்பார்கள். 278.2ல் வென்லபக்சின் இருக்கிறதா, ட்ரமடோலின் சொந்த அனுசேபப் பொருள் 250.2ல் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிவரும் நேரத்தை நியமத்தோடு ஒப்பிடுங்கள்.

வாயு நிறப்பகுப்புக் கருவி மட்டும் உள்ள இடத்தில் இன்னொரு கண்ணி. நிட்டாசீன்களின் நிறமாலையில் 86 என்ற ஒரே பெரிய உச்சிதான் எழும், மூலக்கூற்று அயன் பெரும்பாலும் தெரியாது. லிடொகேயினுக்கும் 86தான். சலக்குழாய் போடும்போது பூசும் ஜெல்லிலும் லிடொகேயின் உண்டு. நூலக ஒப்பீடு தரும் முதற்பெயரை நம்பாதீர்கள். தூளுக்கு இந்தக் கருவி உதவும். குருதியில் நானோகிராம் அளவுக்குக் கீழே அது எட்டாது.

உச்சி சிறிது, அல்லது உள்நியமமும் சேர்ந்து விழுகிறது

உள்நியமம் என்பது ஒவ்வொரு மாதிரியிலும் தெரிந்த அளவில் நாமே சேர்க்கும் ஒப்பீட்டுப் பொருள். அது எல்லா மாதிரியிலும் விழுந்தால் பிரித்தெடுப்பில் தேடுங்கள். ஒரு மாதிரியில் மட்டும் விழுந்தால் அந்தக் குருதியில் தேடுங்கள்.

பிரித்தெடுக்கக் கலப்பு வகை திண்மக் கட்ட நிரலைப் பயன்படுத்துவோருக்கு ஒரு வேலை செய்யும் ஒழுங்கு: குருதி 0.5 மில்லிலீற்றர், தியூத்தேரியமேற்றிய உள்நியமம், பீ.எச். 6 பொஸ்பேற்றுத் தாங்கல் 2 மில்லிலீற்றர், கலக்கி மையநீக்கம். நிரலை மெதனோல் 3, நீர் 3, தாங்கல் 1 மில்லிலீற்றரால் தயார்செய்து, காயவிடாமல் மாதிரியை ஊற்றுங்கள். நீர், 0.1 மோலார் அசற்றிக் அமிலம் 1, மெதனோல் 3 மில்லிலீற்றரால் கழுவி, 5 நிமிடம் நன்றாக உலர்த்துங்கள். டைகுளோரோமீதேன், ஐசோபுரொப்பனோல், அமோனியா 78:20:2 கலவை 3 மில்லிலீற்றரால் இறக்கி, 40 பாகைக்கு மேற்போகாமல் நைதரசனில் ஆவியாக்கி, 100 மைக்ரோலீற்றரில் கரையுங்கள்.

இதில் அடிக்கடி பிழைப்பது இறக்கும் கலவை. நம் வெப்பத்தில் அமோனியா பறந்துவிடும். நேற்றுக் கலந்ததை இன்று பாவித்தால் மூலச் சேர்வைகள் நிரலிலேயே தங்கும். அன்றன்று கலக்க வேண்டும், அமோனியாப் போத்தலைக் குளிரில் வைக்க வேண்டும். உலர்த்தல் போதாவிட்டால் நீர் இறங்கி ஆவியாக்கல் நீளும். அதே சாற்றில் ஐஸையும் தேடுவதானால் ஆவியாக்கும் முன் மெதனோலில் கரைத்த 1 வீத ஐதரோகுளோரிக் அமிலம் 50 மைக்ரோலீற்றர் விடுங்கள். இல்லாவிட்டால் மெதம்பெற்றமின் பறந்துவிடும்.

பீ.எச். 10க்கு மேல் திரவப் பிரித்தெடுப்புச் செய்பவர்களுக்குத் தாய்ச் சேர்வைகள் நன்றாக வரும், 4-ஐதரொட்சி வடிவம் குறையும். அதன் பீனோல் கூட்டம் அந்தக் காரத்தில் ஏற்றம் பெற்று நீரிலேயே நிற்கும்.

பழுதடைந்த பிரேதக் குருதி அயனாக்கத்தை அடக்கும். ஐந்து மடங்கு நீர்த்துத் திரும்ப ஓடவிடுங்கள். உள்நியமம் கணக்குக்கு மேலாக மீண்டால் காரணம் அதுவே. அளவு கட்டாயம் வேண்டுமானால் அதே குருதியில் நியமம் சேர்த்து அளவிடுங்கள்.

எங்கும் ‘ஆம்’, வெற்று மாதிரியிலும் உச்சி

கைப்பற்றிய தூளும் குருதியும் ஒரே மேசையைக் கண்டிருக்கின்றன. 1 மில்லிகிராம் தூளில் 10 இலட்சம் நானோகிராம் இருக்கிறது. நாம் தேடுவதோ மில்லிலீற்றருக்கு ஒன்றோ அதற்குக் குறைவோ. தராசு, கையுறை, மேலங்கி, முடிந்தால் அறையே வேறாக இருக்க வேண்டும். கருவியில் செறிவான மாதிரிக்குப் பின் இரண்டு வெற்று ஓட்டம் போடுங்கள். முந்திய மாதிரியில் இருந்து கருவியில் தங்கும் மிஞ்சல் மிகக்குறைந்த நியமத்தின் ஐந்தில் ஒன்றைத் தாண்டினால் அடுத்த மாதிரியின் முடிவு செல்லாது.

எண் கிடைத்துவிட்டது, மரணத்துக்குப் போதுமா என்று கேட்கிறார்கள்

எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மில்லிலீற்றருக்கு 3 நானோகிராம் ஃபென்டனில் பழக்கமில்லாதவரின் மூச்சை நிறுத்தலாம், நாட்பட்டுப் பாவித்தவர் அதோடு நடப்பார். இறந்தபின் ஃபென்டனில் இழையங்களில் இருந்து குருதிக்குத் திரும்பும். நெஞ்சுக் குருதியில் கூடுதலாக, நேரம் போகத் தொடைக் குருதியிலும். இறப்புக்கும் பரிசோதனைக்கும் இடைப்பட்ட மணித்தியாலங்களும் ஈரல் அளவும் பக்கத்தில் இருக்க வேண்டும். பிரிகபலின், பென்சோடயசிப்பீன், மதுசாரம் ஆகிய மூன்றும் தேடப்பட்டனவா என்று பாருங்கள். மூச்சை அடக்குவதில் அவை ஓபியொயிட்டோடு கூட்டுச் சேரும்.

‘இல்லை’ என்ற அறிக்கையிலும் ஒரு வரி கட்டாயம் வேண்டும். ‘ஓபியொயிட் காணப்படவில்லை’ என்பது பிழையான வசனம். ‘இணைப்பில் உள்ள சேர்வைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே காட்டிய கண்டறியும் எல்லைக்கு மேல், இந்த மாதிரியில் காணப்படவில்லை’ என்று எழுதி, பட்டியலை இணைக்க வேண்டும். கார்ஃபென்டனில் பட்டியலில் இருந்தும் எல்லை 0.5 நானோகிராம் என்றால், அதைத் தேடியதாகவே எடுக்க முடியாது. அது மில்லிலீற்றருக்குப் பைக்கோகிராம் கணக்கில் வேலை செய்யும் பொருள்.

உயர்பிரிதிறன் கருவியில் எல்லா அயன்களையும் துண்டாக்கிப் பதிந்த கோப்பு இருந்தால் அழிக்காமல் வையுங்கள். பட்டியலில் புதிய பெயர் சேரும்போது பழைய கோப்பைத் திறந்து தேடலாம், குருதி திரும்பத் தேவைப்படாது. சந்தேகம் தீராத மரணங்களுக்கு 1 மில்லிலீற்றர் தொடைக் குருதியை மறை 20 பாகையில், உருகாமல், வழக்கு இலக்கத்தோடு ஒதுக்கி, வைத்த திகதியைப் பதிவேட்டில் எழுதுங்கள்.